இரவைச் செடிக்குக் கொடுங்கள்



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இந்த மாதம் நமக்கு வந்த கடிதங்களில் பாதி தொட்டிச் செடிகளைப் பற்றியவைதான். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த ஒரு கேள்விக்கு இந்தப் பக்கத்தை முழுதாகவே ஒதுக்குகிறேன். கேள்வி இதுதான்: "நர்சரியில் வாங்கும்போது கலாஞ்சோ செடி கொள்ளைப் பூவோடு இருந்தது. இரண்டு மாதம் வீட்டுக்கே களை கட்டியது. பூ காய்ந்த பிறகு ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. இலை பச்சைப்பசேல் என்றுதான் இருக்கிறது. என்ன உரம் போடலாம்?"

உரம் வேண்டாம். அந்தச் செடிக்குத் தேவை இருட்டு.

இதை விளக்கத்தான் இவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் கலாஞ்சோவின் வாழ்க்கையில் முக்கியமான காரியங்கள் எல்லாமே இரவில்தான் நடக்கின்றன. அது மூச்சு வாங்குவது இரவில். பூக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது இரவின் நீளத்தை வைத்து. இது புரிந்துவிட்டால் தண்ணீர், மண், வெயில் எல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

செடியைப் பார்க்காதவர்களுக்கு ஓர் அறிமுகம். ஒரு சாண் உயரம்தான் வளரும். இலைகள் தடித்து, பளபளப்பாக, ஓரத்தில் அலை அலையாக வெட்டுப்பட்டு இருக்கும். உச்சியில் கொத்துக் கொத்தாகச் சின்னஞ்சிறு பூக்கள்; ஒவ்வொன்றிலும் நான்கே இதழ்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பல நிறங்களில் கிடைக்கிறது. ரோஜா மாதிரி அடுக்கு இதழ்கள் உள்ள ரகங்களும் உண்டு. ஒருமுறை பூத்தால் ஆறு, எட்டு வாரம் வரை நிற்கும்.

இதன் தாய்மண் மடகாஸ்கர் தீவின் வடபகுதி, சரடனானா மலைத்தொடர். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் விதை வணிகம் செய்த ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் 1932-ல் இதை ஐரோப்பாவில் அறிமுகம் செய்தார். அவர் பெயரையே தாவரவியலாளர்கள் இந்த இனத்துக்கு வைத்துவிட்டார்கள். இன்று நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளின் கண்ணாடிக் கூடங்களில் ஆண்டு முழுவதும் வளர்த்து விற்கப்படும் பெரிய வணிகச் செடி இது.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான செடியும் அல்ல. நம் ஊர் ரணகள்ளி இதற்கு நெருங்கிய உறவு. 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று சொல்லி, பள்ளிக்கூட நாளில் நோட்டுப் புத்தகத்துக்குள் இலையை வைத்து, ஓரத்தில் குட்டிச் செடி முளைக்கிறதா என்று தினமும் திறந்து பார்த்தவர்கள் நம்மில் பலர். அதே ரணகள்ளிதான் இந்தக் குடும்பத்தின் இரவு வேலையை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. அந்தக் கதை சென்னை மாகாணத்தோடு தொடர்புடையது.

பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் மொராவியன் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். அவர் ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரங்களில் வாயிலிட்டுப் பார்த்திருக்கிறார். விடியற்காலையில் நல்ல புளிப்பு. நேரம் ஏற ஏறப் புளிப்பு குறைந்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. இதைக் கடிதமாக லண்டனுக்கு எழுதினார்; அங்குள்ள லின்னேயன் கழகம் என்ற அறிவியல் அமைப்பின் வெளியீட்டில் 1815-ல் அது அச்சாயிற்று. கருவி எதுவும் இல்லாமல், நாக்கை மட்டும் நம்பிச் செய்த ஆய்வு. அந்தப் புளிப்பின் முழுக் காரணத்தையும் அறிவியல் கண்டுகொள்ள இருபதாம் நூற்றாண்டு வரை ஆயிற்று. ஹெய்ன் 1819-ல் சென்னையிலேயே காலமானார். செடி வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர் அது.

அந்தப் புளிப்புக்குக் காரணம் இதுதான். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. திறந்த துளை வழியாக உள்ளே இருக்கும் ஈரமும் ஆவியாகப் போய்விடும். வறண்ட நிலத்துச் செடிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் ரணகள்ளியும் கலாஞ்சோவும் வெயில் தாழ்ந்து, காற்று குளிர்ந்த பிறகுதான் துளைகளைத் திறக்கின்றன. இரவு முழுவதும் வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேமிக்கின்றன. ஆப்பிளுக்குப் புளிப்புத் தருவதும் இதே அமிலம்தான். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்து, சூரிய ஒளியில் உணவு சமைக்கின்றன. இரவே மாவை அரைத்துவைத்துவிட்டுக் காலையில் இட்லி வார்ப்பது போன்ற ஏற்பாடு.

இதில் மிச்சமாகும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. சாதாரணச் செடி ஒரு கிராம் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ள 400 முதல் 500 கிராம் வரை தண்ணீரை இழக்கிறது. இந்த வகைச் செடி இழப்பது 50 முதல் 100 கிராம்தான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்தாலும் கலாஞ்சோ வாடாமல் நிற்பதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் நேராக்கிவிட விரும்புகிறேன். "இரவிலும் ஆக்சிஜன் தரும் செடி" என்று சொல்லி இந்த வகைச் செடிகளைப் படுக்கையறைக்கு விற்கிறார்கள். இரவில் இவை கரியமில வாயுவை உள்ளே வாங்குவது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். அது பகலில்தான் நடக்கும். காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சும் அப்படித்தான். அதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் நாசா ஆய்வு 1989-ல் வெளிவந்தது. காற்று புகாமல் அடைத்த சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த சோதனை அது. அதுபோன்ற ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் மறுபடி கணக்கிட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும்; 1000 வரைகூடத் தேவைப்படலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. காற்று சுத்தமாக வேண்டுமா, ஜன்னலைத் திறந்துவையுங்கள். கலாஞ்சோவை அதன் பூவுக்காகவும், அதன் பொறுமைக்காகவும் வளர்ப்போம். அதுவே போதுமான காரணம்.

இப்போது பூ விஷயத்துக்கு வருவோம்.

கலாஞ்சோ இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. இடையில் வெளிச்சம் படாத நீண்ட இரவுகள் தொடர்ந்து கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ரிச்சர்ட் ஹார்டர் என்ற தாவரவியலாளர் இந்தச் செடியை வைத்தே பல சோதனைகள் செய்தார். செடி முழுவதும் வெளிச்சத்தில் இருக்க, ஒரே ஓர் இலைக்கு மட்டும் நீண்ட இருட்டைக் கொடுத்தார். அந்த இலை இருந்த பக்கத்தில்தான் பூ வந்தது. இரவை அளப்பது இலை. அது சொல்லித்தான் நுனியில் மொட்டு வருகிறது என்பது அதில் தெளிவாயிற்று.

ஐரோப்பியக் கூடங்களில் வணிகத்துக்கு வளர்ப்பவர்கள் இதையே கருவியாக்கிக்கொண்டார்கள். செடி பெரிதாக வேண்டிய வாரங்களில் இரவிலும் விளக்குப் போடுகிறார்கள். பூ வேண்டும்போது கறுப்புத் திரையை இழுத்துவிட்டு இரவை நீளமாக்குகிறார்கள். எந்த மாதத்திலும் பூத்த செடியைக் கடையில் வாங்க முடிவது இதனால்தான். அப்படிப் பூத்த செடி நம் வீட்டுக்கு வருகிறது. இங்கே அதற்கு என்ன கிடைக்கிறது? ஹாலில் பத்தரை மணி வரை டியூப்லைட். டிவி வெளிச்சம். பால்கனியில் வைத்தால் விடிய விடியத் தெருவிளக்கு. செடியைப் பொறுத்தவரை நம் வீட்டில் இரவே வருவதில்லை. இலை மட்டும் தழைத்து, பூ வராமல் நிற்பது செடியின் குறையல்ல.

நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கலாஞ்சோவின் சொந்த மலை பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 14 பாகையில் இருக்கிறது. சென்னை வடக்கே 13 பாகை. அதாவது அங்கே ஜூன், ஜூலையில் வரும் நீண்ட இரவுதான் இங்கே நமக்கு டிசம்பர், ஜனவரியில் வருகிறது. செப்டம்பர் 23-ஐ ஒட்டி இரவும் பகலும் சமமாகி, அதன்பின் இரவு நீண்டுகொண்டே போகும். டிசம்பரில் நம் இரவு பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். அந்த இரவை நாம் விளக்குப் போட்டுக் கெடுக்காமல் இருந்தாலே போதும். தை, மாசியில் செடி பூத்துவிடும். கொடைக்கானல், ஏற்காடு, நுவரெலியா மாதிரிக் குளிர்ந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் சுலபம். இரவு புழுக்கமாக இருந்தால் மொட்டு தாமதமாகும்.

ஆகவே இந்த மாதமே செய்ய வேண்டியது இது. மாலைக்குப் பிறகு விளக்கு எரியாத ஓர் இடம் பாருங்கள். மாடிப்படியின் திருப்பம், பின்கட்டு ஜன்னல், யாரும் படுக்காத அறை, எதுவானாலும் சரி. பகலில் நல்ல வெளிச்சமும், இரவில் முழு இருட்டும் உள்ள இடமாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் ஓர் அட்டைப்பெட்டி போதும். மாலை ஆறு மணிக்குப் பெட்டியைத் தொட்டியின் மேல் கவிழ்த்து மூடுங்கள். காலை எட்டு மணிக்குத் திறந்து வெளிச்சத்தில் வையுங்கள். இப்படி ஆறு வாரம். இடையில் ஒருநாள்கூட விடாமல் செய்தால் நல்லது. பிறகு பெட்டி தேவையில்லை. நுனியில் பச்சை மணிகள் மாதிரி மொட்டுகள் திரளத் தொடங்கும். அவை மலர இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் கிட்டத்தட்டச் சமம். அங்கே செடி தானாகப் பூக்கும் என்று காத்திருக்க வேண்டாம், பெட்டிதான் வழி.

பூத்த பிறகு ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அதை நெருங்கிப் பாருங்கள். பகலில் தட்டையாக விரிந்திருந்த நான்கு இதழ்களும் மேல்நோக்கி எழும்பிப் பாதி மூடியிருக்கும். காலையில் மறுபடி விரியும். பூவைப் பறித்துச் சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டு, இருட்டறையில் வைத்தாலும்கூடச் சில நாட்கள் அதே நேரத்துக்கு விரிந்து மூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உயிர்களுக்குள் ஓடும் கடிகாரத்தைப் படிக்க இந்தச் சின்னப் பூ பல ஆண்டுகள் உதவியிருக்கிறது.

இனி அன்றாடப் பராமரிப்பு.

முதலில் மண். கடையில் வாங்கிய செடியைத் தொட்டியோடு கவிழ்த்து மெதுவாகத் தட்டி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வேரைச் சுற்றி வெறும் தென்னைநார்த் துகள்தான் இருக்கும். மேலே காய்ந்து வெளுத்திருக்கும். நடுவே விரலால் பிதுக்கினால் தண்ணீர் கசியும். மேல்பகுதியைப் பார்த்துவிட்டு நாம் மறுபடி ஊற்றுவோம். அடித்தண்டு கறுத்து, ஒருநாள் செடி அப்படியே சாய்ந்துவிடும். அதனால் பூ முடிந்ததும் மாற்றி நட்டுவிடுங்கள். செம்மண் ஒரு பங்கு, பெருமணல் அல்லது உடைத்த செங்கல் துணுக்கு ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. ஐந்து அங்குல மண்தொட்டியே போதும். அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும்.

தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்று ஊற்ற வேண்டாம். முழுக்கக் காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக ஒழுகும்வரை ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அடி இலையைத் தொட்டுப் பாருங்கள்: விறைப்பாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது, தளர்ந்து மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தால் கேட்கிறது என்று பொருள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதமும் இது மொட்டு வைக்கும் மாதமும் ஒன்றாக வருவதுதான் நம் ஊரில் உள்ள சிக்கல். எனவே கார்த்திகை முடியும்வரை தொட்டி சன்ஷேடுக்குக் கீழே இருக்கட்டும். மாடியில் திறந்த வெளியில் வைத்தால் நான்கு நாள் அடைமழையில் அழுகிவிடும்.

வெயில் காலையில் மூன்று, நான்கு மணி நேரம் கிடைத்தால் சரியாக இருக்கும். கிழக்குப் பார்த்த ஜன்னல் மிகப் பொருத்தம். சித்திரை, வைகாசியில் உச்சி வெயிலில் இலை வெந்துபோகும்; நிழலுக்கு நகர்த்துங்கள். உரம் மாதம் ஒருமுறை, வழக்கமான அளவில் பாதி கரைத்து ஊற்றினால் போதும். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருக்கும்.

மாவுப்பூச்சி இலைக்கணுக்களில் பஞ்சுப் பொட்டாக ஒட்டும். பூங்கொத்தில் அசுவினி மொய்க்கும். ஆரம்பத்திலேயே ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானால், முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு எண்ணெயும் சோப்பும் சில சமயம் ஒத்துக்கொள்ளாது.

பூ காய்ந்ததும் செடியைத் தூக்கி எறிபவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காய்ந்த பூத்தண்டை, முதல் ஜோடி நல்ல இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள். பக்கக் கிளைகள் வெடித்து, செடி புதராகும். மூன்று, நான்கு அங்குல நுனித் தண்டுகளை வெட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, வெட்டுவாய் ஆறிய பிறகு ஈரப்பதமான மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் மூன்று வாரத்துக்குள் வேர் பிடிக்கும். ரணகள்ளியைப் போல இது இலை ஓரத்தில் குட்டி போடாது, தண்டுதான் வழி.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். இந்தச் செடியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள் உண்டு. பூவில் அது அதிகம். பூனை, நாய் கடித்தால் வாந்தியும் பேதியும் வரும். அதிகம் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1997-ல் மோரி என்ற ஊருக்கு அருகே, இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு களைச்செடியை மேய்ந்து 125 மாடுகள் இறந்தன. எனவே வெட்டிய கழிவை மாடும் ஆடும் மேயும் தெருவோரக் குப்பையில் போடாதீர்கள்; மண்ணில் புதைத்துவிடுங்கள். ரணகள்ளி இலையைக் கல்லடைப்புக்குச் சாப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை நினைத்துக்கொண்டு, 'ஒரே குடும்பம்தானே' என்று கலாஞ்சோ இலையை யாரும் வாயில் வைக்க வேண்டாம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இவ்வளவு கவனம் சொல்லிவிட்டு, ஏன் இதை வளர்க்கச் சொல்கிறேன்? நம்மில் எத்தனையோ பேருக்குத் தோட்டம் போட நிலம் இல்லை. வாடகை வீடு, ஒரு ஜன்னல்தான் உண்டு. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் ரோஜாவுக்குக் குடம் குடமாக ஊற்ற மனம் வராது. முழங்கால் வலியோடு மாடி ஏறி வாளி தூக்க முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பூக்கிற செடி ஒன்று வேண்டாமா? வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீரில், ஒரு சாண் இடத்தில், இரண்டு மாதம் பூ தருகிற செடி இது.

அமெரிக்காவில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வு 1976-ல் வெளிவந்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் விஷயங்களை நீங்களே முடிவு செய்யுங்கள், பிடித்த செடியை எடுத்துக்கொண்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள்; ஆனால் பராமரிப்பைத் தாதிகள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் குழுவினர் அதிகச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். அந்த மாற்றத்தை உண்டாக்கியது செடி மட்டுமல்ல. முடிவெடுக்கும் உரிமையும் சேர்ந்துதான். என்றாலும், ஓர் உயிர் தன்னை நம்பி இருக்கிறது என்ற எண்ணம் மனிதருக்கு எவ்வளவு முக்கியம் என்பது அதில் தெரிகிறது. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்தப் பொங்கலுக்கு ஒரு கலாஞ்சோ கொண்டுபோய்க் கொடுங்கள். மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். போனில் பேச ஒரு புது விஷயமும் கிடைக்கும்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். இந்தச் செடியைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடங்களுக்காக எழுதப்பட்டவை. அவை நமக்குப் பாதிதான் பொருந்தும். எனவே உங்கள் வீட்டுக் கலாஞ்சோவில் முதல் மொட்டு தெரிந்த தேதி, உங்கள் ஊர், செடி இருந்த இடம், பெட்டி வைத்தீர்களா இல்லையா என்ற நான்கு விவரங்களையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். மொட்டு வைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அதுவும் நமக்குத் தேவையான செய்திதான். தூத்துக்குடியிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் எப்போது பூத்தது என்பதை ஒன்றாகத் தொகுத்துப் பங்குனி இதழில் வெளியிடுவோம். நம் ஊர்களுக்கான கலாஞ்சோ குறிப்பை நாமே எழுதிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்